சிங்காரத்தை மாற்றினார்கள்!

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களுக்குத் தெரிகிற காட்சி ஒன்றே ஒன்றுதான். முன்னால் இருப்பவருடைய சட்டையின் முதுகுப் பக்கம்! அந்தச் சட்டைக்கு யார் இஸ்திரி போட்டார்களோ, பெரும்பாலும் அவர்களேதான் அதைப் பார்த்துக்கொண்டு பிரயாணம் செய்ய வேண்டியிருக்கிறது. சாலையில் பள்ளம் வருவது முன்னால் இருப்பவருக்குத் தெரியும். உடம்பைத் தயார் செய்து கொள்வார். பின்னால் இருப்பவருக்கோ, பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகுதான் பள்ளம் என்று ஒன்று இருந்ததே தெரியும்.

இதைப் படிக்கும் சகோதரிகளில் அநேகர் இன்று காலைகூட அப்படிப் போய்த்தான் வந்திருப்பீர்கள். மடியில் குழந்தை, தோளில் கைப்பை, ஒரு கையில் டிபன் காரியர், இன்னொரு கை சீட்டின் கம்பியில். உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். அப்போது உங்கள் கால் எதன் மேல் இருந்தது?

"இதென்ன கேள்வி? ஃபுட்ரெஸ்டின் மேல்தான்" என்பீர்கள்.

சரி, அந்த ஃபுட்ரெஸ்ட் எதன் மேல் இருக்கிறது?

வீட்டில் கிரைண்டரின் சத்தம் கொஞ்சம் மாறினாலும், "என்னவோ ஆகிவிட்டது" என்று ஓடி வருகிறவர்கள் நீங்கள். குக்கரின் விசிலை வைத்தே உள்ளே சாதம் இருக்கும் நிலையைச் சொல்லி விடுவீர்கள். ஆனால் தினந்தோறும் உயிரை ஒப்படைத்துவிட்டு ஏறி உட்காருகிற வண்டியில், உங்களுக்குக் கீழே இருக்கிற இரும்பைப் பற்றி உங்களிடம் யாரும் சொன்னதில்லை, நீங்களும் கேட்டதில்லை. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன்.

மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக் கொண்டிருக்கும் இரும்புக் கவையைப் பார்த்திருப்பீர்கள். உண்டிவில்லின் கவை மாதிரி இருக்கும். ஒரு முனை, எஞ்சினுக்குப் பின்னால், வண்டியின் சட்டத்தில் ஒரு நீண்ட போல்ட்டினால் கோக்கப்பட்டிருக்கிறது. மறு முனையில் சக்கரம். சாலை மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி இந்தக் கவை கதவின் கீல் போல மேலும் கீழும் அசைகிறது. அந்த அசைவை வாங்கிக் கொள்வதற்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங் சுற்றிய ஷாக் அப்சார்பர்கள். அசைகிற கை ஆகையால் இதற்கு ஆங்கிலப் பெயர் 'ஸ்விங் ஆர்ம்'.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து கொள்வதற்கு எஞ்சினீயரிங் காலேஜுக்குப் போக வேண்டாம். பாக்குவெட்டியை எடுத்துப் பாருங்கள், போதும். ஒரு முனையில் கீல், நடுவில் பாக்கு, மறு முனையை நீங்கள் அழுத்துகிறீர்கள். வண்டியில் கீலுக்குப் பதில் போல்ட். அழுத்துகிற கையின் இடத்தில் சக்கரம். பாக்கின் இடத்தில் ஸ்பிரிங். பாக்குவெட்டியின் பிடி நீளமாக இருந்தால் பாக்கு சுலபமாக நறுக்குப்படும் அல்லவா? அதே மாதிரி, இந்தக் கை நீளமானால் ஸ்பிரிங் அதிகமாக நசுங்கும். 45 சென்டிமீட்டர் கையை 50 சென்டிமீட்டர் ஆக்கினீர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஸ்பிரிங் பொருந்தும் இடம் மாறாவிட்டால், அதன் மேல் விழும் பாரம் ஒன்பதில் ஒரு பங்கு கூடிவிடும். இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

இன்னொரு சமாசாரம். விலை குறைந்த நூறு சி.சி. வண்டிகள் பலவற்றில், பின்னால் இருப்பவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் வண்டியின் சட்டத்தில் இல்லை; இந்தக் கையின் மேல்தான் இருக்கிறது. சக்கரம் துள்ளும்போது உங்கள் பாதமும் சேர்ந்து துள்ளுவதன் ரகசியம் இதுதான். முன்னால் இருப்பவருடைய பாதம் சட்டத்தின் மேல் நிம்மதியாக இருக்கிறது. சக்கரத்தோடு குடித்தனம் செய்வது பின் சீட்டுக்காரர்தான்!

ஆதியில் மோட்டார் சைக்கிள்களுக்கு இந்தக் கையே கிடையாது. பின் சக்கரத்தைச் சட்டத்தோடு அசையாமல் முடுக்கியிருந்தார்கள். சாலையின் அடி அத்தனையும் நேரே முதுகெலும்புக்கு. சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங் வைத்து ஓட்டுகிறவரைச் சமாதானப்படுத்தினார்கள். பின்னால் இருப்பவருக்கு ஒரு சிறு மெத்தை. முன்பே சில கம்பெனிகள் பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்துப் பார்த்தது உண்டு. ஆனாலும் அது பரவலானது இரண்டாவது உலக மகாயுத்தத்துக்குப் பிறகுதான்.

அந்தக் காலத்தில் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ரெக்ஸ், குரோமி மெக்கான்ட்லெஸ் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். அசையாத பின் சக்கரம் கொண்ட வண்டிகளுக்கு அசையும் கையையும் ஷாக் அப்சார்பரையும் பொருத்திப் பார்த்தார்கள். வேறு கை மாட்டும் வித்தையின் மூலபுருஷர்கள் என்று இவர்களைச் சொன்னால் தவறில்லை. நார்ட்டன் கம்பெனி இவர்களுடைய யோசனையை ஏற்றுக்கொண்டது. 1950-ல் ஐல் ஆஃப் மான் தீவுப் பந்தயத்தில், புதுச் சட்டம் போட்ட நார்ட்டன் வண்டியில் ஜெஃப் டியூக் வெற்றி பெற்றார். அந்தச் சட்டத்துக்கு 'இறகு மெத்தை' என்று பொருள்படும் பெயரே நிலைத்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சகோதரர்கள் கையை மட்டும் மாற்றி இந்தப் பெயரை வாங்கவில்லை. சட்டம், கை, ஸ்பிரிங், எஞ்சின் உட்காரும் இடம் எல்லாவற்றையும் ஒன்றுக்கு ஒன்று பொருத்தமாக அமைத்தார்கள்.

நம் ஊருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ராயல் என்ஃபீல்டு கம்பெனி இங்கிலாந்தில் அசையும் கை வைத்த 'புல்லட்' வண்டியை 1948-ல் ஒரு போட்டியில் வெளியே காட்டி, 1949-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸாருடன் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' ஏற்பட்டது; திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. பிறகு 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 என்று நூறு சி.சி. வண்டிகள் வந்தன. பெட்ரோலை மிச்சம் பிடித்தன. மத்தியதர வர்க்கத்தின் வாசலில் சைக்கிள் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நின்றது. கூடவே பின் சீட்டில் மனைவியும், பெட்ரோல் டாங்கியின் மேல் மூத்த பிள்ளையும், நடுவில் இளையதும் ஏறிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட நூறு சி.சி. வண்டி ஒன்று திண்டிவனத்தில் என் தங்கை வீட்டில் இருக்கிறது.

திண்டிவனம் என்றால் புளியங்காடு என்று அர்த்தம் சொல்வார்கள். நிலக்கடலை பயிரிடுகிறவர்களுக்கோ 'டி.எம்.வி.' என்ற மூன்று எழுத்து ரகங்கள்தான் ஞாபகம் வரும். அந்த எழுத்துக்கள் திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பவை. என் தங்கையும் மாப்பிள்ளையும் தினம் காலை அங்கிருந்து விழுப்புரத்துக்கு ஒரே வண்டியில் புறப்படுவார்கள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவர் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று நான்கு வழிச் சாலையில் போக வேண்டும். பக்கத்தில் ஆம்னி பஸ்களும் லாரிகளும் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வண்டியின் பின் சீட்டில் தங்கை இருக்க மாட்டாள். கிராமத்திலிருந்து வரும் கடலை மூட்டையோ அரிசி மூட்டையோ இருக்கும்.

வண்டியில் கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தவள் தங்கைதான். "லாரி தாண்டிப் போகும்போதெல்லாம் பின்னாலே யாரோ என்னைத் தாலாட்டற மாதிரி இருக்குங்க" என்றாள் ஒரு நாள்.

"ரோடு அப்படி" என்றார் மாப்பிள்ளை.

அடுத்த வாரமும் சொன்னாள். "காற்று அப்படி" என்றார்.

மூன்றாவது முறை அவள் ஒன்றும் சொல்லவில்லை, பஸ்ஸில் போய்விட்டாள். மாப்பிள்ளை அன்றைக்கே வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டு போனார்!

விழுப்புரம் ஜங்ஷனுக்குச் சமீபத்தில் ஒரு சிறிய பட்டறை. மெக்கானிக் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தார். 'டக், டக்' என்று எஞ்சினுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. கை கோக்கப்பட்டிருக்கும் இடத்தில் உள்ள புஷ் தேய்ந்துபோயிருந்தது. அது தேய்ந்தால் பின் சக்கரம் தன் இஷ்டத்துக்கு முகத்தைத் திருப்பிக் கொள்ளும். முன் சக்கரம் ஒரு பக்கம், பின் சக்கரம் ஒரு பக்கம் என்று சம்சாரம் நடத்தினால் தாலாட்டாமல் என்ன செய்யும்? அது மட்டும் அல்ல. துருவைச் சுரண்டிப் பார்த்தால், குழாய் வந்து சேரும் இடத்தில் தலைமயிர் போல ஒரு விரிசல். மூட்டைகளின் உபயம்!

"ஸ்விங் ஆர்மையே மாத்திடணும் சார்" என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, "சிங்காரத்தை மாத்தணுமாம்" என்று அவசரமாகச் சொன்னது போல, அப்போது அங்கே வந்திருந்த என் அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது.

"யாருப்பா சிங்காரம்? உங்க கடையிலே இருக்கிற பையனா? எந்த ஊருக்கு மாத்தறாங்க, பாவம்!" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்த இரும்புக்குச் சிங்காரம் என்றே பெயர்.

மாப்பிள்ளையின் கடையில் ஒருவர் யோசனை சொன்னார். "அதே மாதிரிக் கை எதற்கு? பெரிய வண்டியிலே வருகிற சதுரக் கையாகப் போடு. கெட்டியாக இருக்கும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும், எத்தனை மூட்டை வைத்தாலும் அசையாது." மாப்பிள்ளை சென்னைக்கு ரயில் ஏறினார். பழைய உதிரி பாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டையில் தேடி, பெரிய வண்டி ஒன்றின் சதுரக் கையை வாங்கி வந்துவிட்டார். புதுக் கையின் விலையில் பாதிகூட ஆகவில்லை. அவர் சந்தோஷத்துக்குக் கேட்க வேண்டுமா? விரிசல் விழுந்த கையைப் பார்த்த மனிதர், இரண்டு மடங்கு தடித்த கையைத் தேடியதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்காரியின் பத்திரத்தை நினைத்துத்தான் அவ்வளவு அலைந்தார்.

கையை மாட்டுகிற ஞாயிற்றுக்கிழமை நான் திண்டிவனத்தில் இருந்தேன். "வாங்க மச்சான், நீங்களும் வந்து பாருங்க" என்று மாப்பிள்ளை அழைத்தார். அவர் வண்டியில் மெதுவாக முன்னால் போக, நானும் தங்கையும் பஸ்ஸில் விழுப்புரம் போய்ச் சேர்ந்தோம்.

மூன்று மணி நேரம் வேலை நடந்தது. சதுரக் கையின் போல்ட் துளை பெரியது. ஆகவே லேத் பட்டறையில் உள்ளே செருகுவதற்கு ஒரு வளையம் கடைந்து வந்தது. அகலம் ஒத்துவரவில்லை, ஒரு பக்கம் இரண்டு வாஷர் வைத்து இட்டு நிரப்பினார்கள். கை இரண்டு விரற்கடை நீளம். செயினில் கண்ணிகள் சேர்த்தார்கள். பிரேக் ராடும் எட்டவில்லை. அதற்கு ஓர் ஒட்டு. கடைசியில் வண்டியை இறக்கி நிறுத்தியபோது, உண்மையைச் சொல்ல வேண்டும், பார்க்க ஜோராகத்தான் இருந்தது. மெலிந்த மனிதன் பயில்வானுடைய செருப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி ஒரு கம்பீரம்!

"ஏறி உட்கார்" என்றார் மாப்பிள்ளை.

தங்கை புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பாதம் வழக்கமான இடத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. காலைச் சற்று முன்னால் கொண்டு போனாள், ஒன்றும் இல்லை. பின்னால் கொண்டு போனாள்; சக்கரம் இருந்தது.

"கால் எங்கேங்க வைக்கிறது?" என்று கேட்டாள்.

பட்டறையில் இருந்த ஐந்து பேரும் குனிந்து பார்த்தோம். பழைய கையோடு ஃபுட்ரெஸ்டும் போய்விட்டது. பெரிய வண்டியில் ஃபுட்ரெஸ்ட் சட்டத்தில் இருப்பதால், அதன் கையில் அதற்கு இடமே வைக்கவில்லை. அதோடு, புடவை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் கம்பி வலை தரையில் கிடந்தது. அதன் கீழ்க்காலை முடுக்குவதற்குப் புதுக் கையில் துளை இல்லை என்று பையன் ஓரமாக வைத்துவிட்டான். மூன்று மணி நேர வேலையில் யாருக்கும் தோன்றாத கேள்வி, மூன்று விநாடி உட்கார்ந்தவளுக்குத் தோன்றிவிட்டது!

"வெல்டிங் வைத்து இரண்டையும் பொருத்திடலாமா?" என்று மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

மெக்கானிக் யோக்கியமான மனிதர். கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வைக்கலாம் சார். ஆனா பத்த வெச்ச இடத்தைச் சுத்தி இரும்பு பலம் குறைஞ்சுடும். தங்கச்சி காலை ஊணி ஊணி ஏறி இறங்குவாங்க. என்னிக்கு விட்டுப்போகும்னு சொல்ல முடியாது. அதைவிட, எனக்கு நெருடுறது இது" என்று ஸ்குரூ டிரைவரால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

பின் சக்கரத்தின் பிரேக்கை மூடியிருக்கும் வட்டத் தட்டு அது. பிரேக்கை மிதித்தால் உள்ளே இருக்கும் கட்டைகள் சக்கரத்தைப் பிடித்துக் கொள்ளும். சக்கரமோ அந்தத் தட்டையும் தன்னோடு சுற்றி இழுக்கப் பார்க்கும். அப்படிச் சுற்றாமல் இருப்பதற்காக, தட்டையும் கையையும் ஓர் இரும்புப் பட்டை இணைக்கிறது. சதுரக் கையில் அந்தப் பட்டையை மாட்டும் காது வேறு இடத்தில் இருந்ததால், பட்டறைப் பையன் ஒரு துண்டு இரும்பை வைத்துச் சமாளித்திருந்தான்.

"இது விட்டுப்போச்சுன்னா, பிரேக் பிடிக்காமப் போகும்னு நினைக்காதீங்க. தட்டு சுத்தி ராடை முறுக்கிக்கிட்டு சக்கரமே இறுகி நின்னுடும். ரோட்டிலே லாரி பின்னாலே வரும்போது அப்படி நின்னா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். பிறகு, "நீளம் கூடினதாலே ஷாக்கும் இந்தக் கைக்குப் போதாது. ரெண்டு பேர் உட்கார்ந்தா அடியிலே போய் இடிக்கும்" என்றார். பாக்குவெட்டிக் கணக்கு!

மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைப் பார்த்துக் கொண்டிருந்தார். புதுப்பேட்டைக்குப் போன ரயில் செலவு, கைக்குக் கொடுத்த பணம், லேத் பட்டறைக் கூலி எல்லாம் அவர் முகத்தில் கணக்காக ஓடிற்று. யாரும் ஒன்றும் பேசவில்லை. மாதக் கடைசி வேறு.

தங்கை கைப்பையைத் திறந்தாள். மாதச் சீட்டுக்கென்று எடுத்து வைத்த பணம் அதில் இருந்தது. எண்ணிப் பார்த்து அவரிடம் நீட்டினாள்.

"எதுக்கு?" என்றார் அவர்.

"பின் சீட்டுக்கு முன்பணம். அதே கம்பெனிக் கையாப் புதுசா வாங்கிடுங்க. தினம் நாற்பது கிலோமீட்டர் உட்கார்ந்து போறேன். எனக்கும் பாத்தியதை உண்டில்லே?" என்றாள்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "வாங்கிடலாம்" என்று எழுந்து போனார். அன்று ஞாயிறு, கடை திறக்கவில்லை. மறுநாள் கிடைத்தது. வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்ததாம். வளையம் இல்லை, வாஷர் இல்லை, ஒட்டு இல்லை. புது புஷ், புது போல்ட், புதுக் கை. எதையும் இட்டு நிரப்ப வேண்டியிருக்கவில்லை. கடைசியில் மெக்கானிக் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார்த்து, நேராக இருக்கிறது என்று திருப்திப்பட்ட பிறகே வண்டியை விட்டார். இப்போது லாரி தாண்டினால் தாலாட்டு இல்லை என்று தங்கை சொல்லுகிறாள். சதுரக் கை இன்னும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது.

இதற்குச் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பிறகு படித்துப் பார்த்தேன். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் கண்டிருக்கும் விவரங்கள் கம்பெனி குறித்ததற்கு மாறுபடும்படியாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. பதிவு விவரங்களில் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரமும் ஒன்று. நீளமான கையை மாட்டினால் அந்தத் தூரமே மாறிவிடுகிறதே! 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே அர்த்தப்படுத்தித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே வருஷத்துத் திருத்தச் சட்டப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டியின் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறைவாசம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே பாகத்தைப் போடுவதற்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது.

சட்டத்தில் உங்களுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது என்பது அநேகருக்குத் தெரியாது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதியைப் பாருங்கள். ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள நிலையான கைப்பிடி இருக்க வேண்டும். கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் இருக்க வேண்டும். உடை சக்கரத்தில் சிக்காதபடி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும். கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, முந்தானைக்கு ஒன்று! அழகுக்காகவும் எடுப்புக்காகவும் வண்டியில் முதலில் கழற்றப்படுவது இந்த மூன்றாவதுதான். புடவைத் தலைப்போ துப்பட்டாவோ பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் வர்ணிக்கப் போவதில்லை. தினசரிப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

வண்டியை அழகு செய்து பார்க்கும் இளைஞர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. தெரிந்தவர்கள் செய்கிற வேலை அது. பந்தயத் திடலில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் அந்த வண்டிகளில் பின் சீட்டே இருப்பதில்லை, கவனித்தீர்களா? மெக்கான்ட்லெஸ் சகோதரர்கள் எல்லாவற்றையும் சேர்த்து அமைத்தார்கள் என்று முதலில் சொன்னேனே, அதன் அர்த்தம் இதுதான். ஒரு கையை மாற்றினால் ஸ்பிரிங், செயின், பிரேக், கால், முந்தானை எல்லாமே அதன் பின்னால் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் பாதி, வண்டியை ஓட்டாதவரைச் சேர்ந்தவை. ஆகவே அந்த மாற்றத்தைப் பற்றித் தீர்மானிக்க ஓட்டுகிறவர் ஒருவர் மட்டும் போதாது. வீடு கட்டும்போது சமையலறை எப்படி இருக்க வேண்டும் என்று சமைக்கிறவரைக் கேட்பது எவ்வளவு நியாயமோ, அவ்வளவு நியாயம் இதுவும்.

நீங்களாகவே பார்த்துக்கொள்ளக் கூடிய சோதனைகள் சில உண்டு. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பின் டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அசைவோ 'டக்' என்ற சத்தமோ இருந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டும். ஃபுட்ரெஸ்டைக் கையால் அழுத்தி ஆட்டிப் பாருங்கள். தொங்கினாலும் மடங்கினாலும் ஆகாது. புடவைத் தடுப்பு இருக்கிறதா, அதன் ஆணிகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிரேக் தட்டிலிருந்து கைக்குப் போகும் பட்டையின் இரண்டு முனைகளிலும் நட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது பின் சீட்டில் புதிதாக ஓர் ஆட்டம் தெரிந்தால், "ரோடு அப்படி" என்ற பதிலோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். வண்டி முதலில் சேதி சொல்வது பின்னால் இருப்பவரிடம்தான்.

இன்று மாலை வண்டி வாசலில் வந்து நின்றதும், காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு நிமிஷம் குனிந்து பார்த்து விடுங்கள். "என்ன தேடுகிறாய்?" என்று கேட்டால், "சிங்காரம் சௌக்கியமா என்று பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். யார் அந்தச் சிங்காரம் என்று அவர் திகைத்தால், இந்தப் பக்கத்தைப் பிரித்துக் கையில் கொடுத்து விடுங்கள்!